ஷீட்டு வீடும் கத்திரி வெயிலும்: வடசென்னையில பத்திரமா இருக்கிறது எப்படி

ஏப்ரல் பொறந்தா போதும், எல்லார் போனுக்கும் ஒரே மெசேஜ் தான் வரும், மதியம் 12 மணியிலேர்ந்து 3 மணி வரைக்கும் வெளிய போகாதீங்க, வீட்டுக்குள்ளயே இருங்கன்னு. நல்ல விஷயம் தான், தப்பே சொல்லல. ஆனா வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, காசிமேடு, எண்ணூர் பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டோ தகரமோ போட்ட ஒத்தை ரூம் வீட்டுல இருக்கிறவங்க இதை கேட்டு என்ன பண்ணுவாங்க? மதியம் 2 மணிக்கு அந்த வீட்டுக்குள்ள உக்காந்திருக்கிறதை விட தெருவுல வேப்ப மரத்தடியில நிக்கிறது எவ்வளவோ மேல். நம்ம ஏரியாவுல வெயில்ல விழறவங்க ரோட்டுல வேலை செய்றவங்க மட்டும் இல்ல, வீட்டுக்குள்ள படுத்திருக்கிற ஆயாவும் கைக்குழந்தையும் கூட தான். அதனால இதை முதல்ல கூரையில ஆரம்பிச்சு அப்புறம் வெளிய வரேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம். டிவியில டிகிரியை சொல்றாங்கல்ல, அது நுங்கம்பாக்கத்துலயும் மீனம்பாக்கத்துலயும் நிழல்ல வெச்ச கருவியில எடுக்கிறது. உங்க ஷீட்டுக்கு கீழ என்ன இருக்குன்னு அதுல தெரியாது. இன்னொன்னு, கடலோர ஊருக்கு 37 டிகிரியாவது தொட்டு, வழக்கமான அளவை விட 4.5 டிகிரி ஏறினா தான் வானிலை மையம் வெப்ப அலைன்னு சொல்லும். மே மாசம் நம்ம வழக்கமான அளவே 37 கிட்ட வந்துடும், அப்போ வெப்ப அலைன்னு அறிவிப்பு வரணும்னா 41, 42 ஆகணும். அது வரைக்கும் ஆபத்து இல்லன்னு நினைச்சா பெரிய தப்பு. உடம்பு சூட்டை இறக்குறது வேர்வை தான், வேர்வை காஞ்சா தான் உடம்பு குளிரும், நம்ம புழுக்கத்துல அது காயாம கசகசன்னு ஊத்திக்கிட்டே இருக்கும், உள்ள இருக்கிற தண்ணியும் உப்பும் போயிடும் ஆனா சூடு இறங்காது. இங்க 37 டிகிரியே ஆளை சாய்க்கிறது இதனால தான்.

டிகிரியை விட நீங்க பார்க்க வேண்டியது காத்தை. கடக்காத்து மதியம் 12, 1 மணிக்குள்ள உள்ள வந்துட்டா அன்னைக்கு தப்பிச்சோம், அதுக்கு மேல சூடு ஏறாது. மேற்கேருந்து வர்ற மேல்காத்து பலமா அடிச்சு கடக்காத்தை 3 மணி வரைக்கும் தள்ளி வெச்சிருச்சுன்னா அன்னைக்கு தான் 40ஐ தாண்டும். இதை கண்டுபிடிக்க போன்ல ஆப் எதுவும் தேவை இல்ல, மணலி எண்ணூர் பக்கம் புகைக்கூண்டுல வர்ற புகை எந்தப் பக்கம் சாயுதுன்னு பாருங்க, கடலைப் பார்த்து போச்சுன்னா மேல்காத்து. தண்டையார்பேட்டை ஆர்கே நகர் பக்கம் இருக்கிறவங்களுக்கு மூக்கே போதும், 11 மணிக்கு மேலயும் கொடுங்கையூர் குப்பைமேட்டு நாத்தம் வந்துக்கிட்டே இருந்தா காத்து இன்னும் மேற்கேருந்து தான் அடிக்குது. அந்த மாதிரி நாள்ல வெளி வேலை எதையாவது தள்ளிப் போட முடியும்னா தள்ளிப் போடுங்க.

இப்போ கூரை. ஷீட்டு வெயிலை வாங்கி அப்படியே கீழ இறக்குது, அதனால வெயில் ஷீட்டு மேல விழாம பண்றது தான் முதல் வேலை, உள்ள எத்தனை ஃபேன் போட்டாலும் அதுக்கு அப்புறம் தான். கையில காசு இல்லன்னா சுண்ணாம்பு. நல்ல சுண்ணாம்பை கரைச்சு கொஞ்சம் ஃபெவிகால் கலந்து ரெண்டு கோட்டு அடிச்சா வெள்ளையா நிக்கும், வெயிலை திருப்பி அனுப்பும், உள்ள ரெண்டு மூணு டிகிரி குறைஞ்சாலே ராத்திரி படுக்கும்போது வித்தியாசம் தெரியும். காலையில 7 மணிக்குள்ள அடிங்க, கண்ணுல பட்டா கண்ணே போயிடும் அதனால கண்ணாடி போட்டுக்கோங்க. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டா இருந்தா காஞ்ச விளக்குமாறு போட்டு பரபரன்னு தேய்க்காதீங்க, உப்புத்தாள் போடாதீங்க, அதுலேர்ந்து வர்ற தூசி நுரையீரலுக்கு ரொம்ப கெடுதல், தண்ணி ஊத்தி ஈரமாக்கி மெதுவா கழுவுங்க. ஷீட்டு மேல நேரா காலை வைக்காதீங்க, பலகை போட்டு அது மேல தான் ஏறணும், பழைய ஷீட்டு உடைஞ்சு உள்ள விழுந்தவங்க நிறைய பேர்.

இன்னும் நல்லா வேணும்னா தென்னங்கீத்து இல்லன்னா ஃபிளெக்ஸ் பேனர். கட்சி பேனர் கடை பேனர் எல்லாம் நம்ம பக்கம் சும்மாவே கிடைக்கும், பின்பக்கம் வெள்ளையா இருக்கிறதா பார்த்து எடுத்து, படம் போட்ட பக்கம் கீழ, வெள்ளை பக்கம் வானத்தைப் பார்த்து இருக்கிற மாதிரி போடுங்க. பேனரை ஷீட்டோட ஒட்டி போட்டா பாதி பிரயோஜனம் போயிடும், நடுவுல சவுக்கு கட்டை குறுக்க போட்டு ஒரு ஜாண் இடைவெளி விட்டு கட்டுங்க, அந்த சந்துல காத்து ஓடினா தான் சூடு கீழ இறங்காது. சாயங்காலம் கடக்காத்து அடிக்கும்போது எல்லாம் பறந்து போகாம இருக்க, காசிமேட்டுல கிழிஞ்ச வலை கிடைக்கும், அதை மேல போர்த்தி நாலு பக்கமும் நைலான் கயிறு போட்டு இழுத்து கட்டிட்டா ஜூன் மாச காத்துக்கு கூட அசையாது. கீத்து போடுறவங்க ஈபி ஒயர் உரசாம பார்த்துக்கோங்க, பக்கத்து வீட்டு அடுப்பு புகைபோக்கியையும் பாருங்க.

உள்ள ஷீட்டுக்கு கீழ பழைய காட்டன் புடவையை இழுத்து கட்டுறதும் நல்லது தான், அடுப்பு இருக்கிற பக்கம் மட்டும் வேணாம். தெர்மாகோல் ஒட்டுறவங்களுக்கும் அதே தான், தீப்பொறி பட்டா குபுக்குனு பிடிச்சுக்கும். சுவத்துக்கும் ஷீட்டுக்கும் நடுவுல இருக்கிற சந்தை எலி பூனை வருதுன்னு துணி வெச்சு அடைச்சிடுறாங்க, அதை எடுத்துடுங்க, சூடான காத்து வெளிய போற வழியே அது தான், கம்பி வலை அடிச்சா எலியும் வராது. சமையலை காலையில 9 மணிக்குள்ள ஒரே தடவையா முடிச்சுடுங்க, ஒத்தை ரூம்ல மதியம் அடுப்பு பத்த வெச்சா அது இன்னொரு வெயில்.

ஃபேன் விஷயம் நிறைய பேருக்கு தெரியல. சீலிங் ஃபேன் ஷீட்டுக்கு கீழ தேங்கி இருக்கிற அனல் காத்தை தான் எடுத்து தலையில கொட்டும். மதியத்துல டேபிள் ஃபேனை தரையில வெச்சு, நீங்களும் தரையில உக்காந்து, கை கால் கழுத்தை ஈரத்துண்டால துடைச்சுக்கிட்டு அந்த ஃபேன் முன்னாடி இருங்க. வீட்டுக்குள்ள 40க்கு மேல போயிட்டா வெறும் ஃபேன் காத்து சூட்டை ஏத்தத்தான் செய்யும், உடம்பு ஈரமா இருந்தா மட்டும் தான் வேலை செய்யும். ஏர் கூலருக்கு துட்டு போடாதீங்கன்னு தான் நான் சொல்லுவேன், அது காஞ்ச ஊருக்கு சரி, நம்ம கடலோரத்துல ஜன்னலை சாத்திட்டு கூலர் ஓட்டினா புழுக்கம் தான் கூடும். அந்த காசுல கூரையை சரி பண்ணுங்க. சின்டெக்ஸ் டேங்க் தண்ணி மதியம் கொதிக்கும், அதனால காலையிலயே ரெண்டு பக்கெட் பிடிச்சு நிழல்ல மூடி வெச்சுடுங்க, மதியம் உடம்புக்கு ஊத்திக்க ஆகும்.

ஹவுசிங் போர்டுல மேல் மாடியில இருக்கிறவங்களுக்கும் இதே கஷ்டம் தான், ஆனா அவங்களுக்கு ராத்திரியில. காங்கிரீட் பகல் முழுக்க சூட்டை குடிச்சு வெச்சுக்கிட்டு ராத்திரி 8 மணிக்கு மேல தான் கக்கும், பகல்ல அடிபட்ட உடம்புக்கு ராத்திரியாவது ஓய்வு கிடைக்கலன்னா அடுத்த நாள் தாங்காது, ரெண்டு மூணு நாள் சேர்ந்தா தான் ஆள் விழறது. பொழுது சாஞ்சதும் துணி துவைச்ச தண்ணி, அரிசி கழுவின தண்ணியை மொட்டை மாடியில ஊத்துங்க, மெட்ரோ வாட்டர் லாரி தண்ணியை இதுக்கு வீணாக்க வேணாம். மாடியில படுக்கிறவங்க கொசு வலை கட்டுங்க, கைப்பிடி சுவரு இல்லாத பக்கம் குழந்தைங்களை படுக்க வைக்காதீங்க.

மதியம் வீட்டுல தாங்கவே முடியலன்னா வெளிய போறது தான் சரி, வெக்கப்பட எதுவும் இல்ல. வண்ணாரப்பேட்டை, தியாகராயா கல்லூரி மெட்ரோ ஸ்டேஷன் ரெண்டும் பூமிக்கு கீழ இருக்கு, டிக்கெட் எடுக்கிற இடம் வரைக்கும் யாரும் இறங்கி வரலாம். பக்கத்துல இருக்கிற நூலகம், கோயில் மண்டபம், மசூதி, சர்ச், எங்க நிழலும் காத்தும் இருக்கோ அங்க வீட்டு பெரியவங்களை 12 மணிக்கு முன்னாடியே கூட்டிட்டு போய் உக்கார வெச்சு 4 மணிக்கு மேல கூட்டிட்டு வாங்க.

சாப்பாட்டுல புதுசா எதுவும் கண்டுபிடிக்க வேணாம், நம்ம ஆயா பண்ணதே போதும். நாஸ்தாவுக்கு பழைய சோறு, நீராகாரம் உப்பு போட்டு, சின்ன வெங்காயம் கடிச்சுக்க. கேப்பங்கூழ், நீர்மோர், நுங்கு, தர்பூசணி, இளநீர். டீ காபியை குறைச்சுக்கலாம், சரக்கு சுத்தமா வேணாம், அது இருக்கிற தண்ணியையும் வெளிய தள்ளும். ரோட்டோர ஜூஸ்ல போடுற ஐஸை கவனிங்க, மீனுக்கு போடுற ஐஸ் வேற குடிக்கிற ஐஸ் வேற, சாப்பிடக் கூடாத ஐஸுக்கு நீலக் கலர் கலக்கணும்னு விதி இருக்கு ஆனா எல்லா இடத்துலயும் கலர் இருக்கும்னு நம்ப முடியாது, அதனால ஐஸ் இல்லாம கேளுங்க. வயித்தால போச்சுன்னா வெயிலோட சேர்ந்து ரெட்டை அடி.

ஓஆர்எஸ், அதாவது தண்ணியில கலக்கி குடிக்கிற உப்பு சக்கரை பவுடர், அந்த பாக்கெட் வீட்டுல எப்பவும் நாலு இருக்கட்டும், ஆரம்ப சுகாதார நிலையத்துல கேட்டா கொடுப்பாங்க. பெரிய பாக்கெட்டுன்னா ஒரு லிட்டர் தண்ணிக்கு முழு பாக்கெட், பாதி பாதியா கலக்காதீங்க, சின்ன பாக்கெட்டுன்னா மேல என்ன அளவு போட்டிருக்கோ அது, கலக்கினதை 24 மணி நேரத்துக்கு மேல வெச்சு குடிக்காதீங்க. பாக்கெட் இல்லன்னா ஒரு லிட்டர் காய்ச்சி ஆறின தண்ணியில தலை தட்டின 6 டீஸ்பூன் சக்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கடையில டெட்ரா பேக்குல ஓஆர்எஸ்னு போட்டு வித்தாங்களே, அதுல சக்கரை ரொம்ப ஜாஸ்தி, உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவுல இல்லாத எதுவும் ஓஆர்எஸ்னு பேர் போட்டு விக்கக் கூடாதுன்னு 2025 அக்டோபர்ல மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எஃப்எஸ்எஸ்ஏஐ உத்தரவே போட்டுச்சு. வயித்துப்போக்கு இருக்கிற குழந்தைக்கு அதை கொடுத்தா இன்னும் மோசமாகும், பவுடர் பாக்கெட் தான் சரி.

வேலைக்கு போறவங்களுக்கு வரேன். ஹார்பர்ல லோடு ஏத்துறவங்க, கேட்டுல மணிக்கணக்கா நிக்கிற கண்டெய்னர் லாரி டிரைவருங்க, தூய்மைப் பணியாளருங்க, டெலிவரி பசங்க, அப்புறம் காசிமேட்டுல ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம்னு போட்டை கரையில கட்டிட்டு, அந்த உச்சி வெயில்லயே பெயின்ட் அடிச்சு பலகை மாத்துறவங்க. தாகம் எடுக்கட்டும்னு காத்திருக்காதீங்க, 20 நிமிஷத்துக்கு ஒரு டம்ளர், ஒரே மூச்சுல ஒரு லிட்டர் அடிக்கிறதை விட இது தான் உடம்புல நிக்கும். வேர்த்து ஊத்துற வேலைன்னா வெறும் தண்ணி மட்டும் பத்தாது, மோர்ல உப்பு போட்டு குடிங்க. கால் ஆடுசதை பிடிச்சு இழுக்குதா, அது உப்பு போயிடுச்சுன்னு உடம்பு கொடுக்கிற முதல் நோட்டீஸ், அன்னைக்கு பாரம் தூக்காதீங்க. ஒண்ணுக்கு போகும்போது கலரை பாருங்க, வெளிர் மஞ்சளா இருந்தா சரி, டீ டிகாஷன் மாதிரி இருந்தா தண்ணி பத்தல.

மேஸ்திரிங்க, சூப்பர்வைசருங்க யாராவது படிச்சா ஒண்ணு கேட்டுக்கிறேன். புதுசா வேலைக்கு வந்த ஆள் தான் முதல்ல விழுவான். வெயில் உடம்புக்கு பழக ஒரு வாரத்துலேர்ந்து ரெண்டு வாரம் ஆகும், ஊர்லேர்ந்து இறங்கின அன்னைக்கே அவனை முழு ஷிஃப்ட்டு வெயில்ல போடாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. லீவு போட்டு திரும்பி வந்தவனுக்கும் அதே தான். காலையில 6 மணிக்கு ஆரம்பிச்சு 11க்கு நிறுத்திட்டு, மிச்சத்தை 4 மணிக்கு மேல வெச்சுக்கிட்டா வேலையும் முடியும் ஆளும் இருப்பான்.

பொம்பளைங்க விஷயத்தை யாருமே பேச மாட்டேங்குறாங்க. மீன் விக்கிற அக்காங்க, தெரு பெருக்குறவங்க, பூ விக்கிறவங்க எல்லாம் பாத்ரூம் கிடையாதுன்னு காலையிலேர்ந்து தண்ணியே குடிக்காம இருக்காங்க. சாயங்காலம் நீர்க்கடுப்பு வந்து கால் கட்டைவிரல்ல சுண்ணாம்பு தடவிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. அது உடம்புல தண்ணி இல்லன்னு சொல்ற எச்சரிக்கை, தொடர்ந்தா கிட்னி வரைக்கும் போகும். நீங்க உக்கார்ற இடத்தாண்ட எந்த கடையில, எந்த வீட்டுல போக விடுவாங்கன்னு முன்னாடியே பேசி வெச்சுக்கோங்க. கடை வெச்சிருக்கிறவங்க தயவு செஞ்சு கேட்டா கதவை திறந்து விடுங்க, ரெண்டு மக் தண்ணி தானே.

பெரியவங்களுக்கு தாகமே சரியா தெரியாது, வேணும்னா கேப்பாங்கன்னு விடாதீங்க, கையில கொடுத்து குடிக்கிற வரைக்கும் நில்லுங்க. பிபிக்கோ இதயத்துக்கோ நீர் பிரியுற மாத்திரை சாப்பிடுறவங்க, மனநல மாத்திரை சாப்பிடுறவங்க, இவங்க உடம்பு வெயிலை சீக்கிரம் தாங்காது, மாத்திரையை நீங்களா நிறுத்தவும் கூடாது, சீசன் ஆரம்பத்துலயே டாக்டரை பார்த்து அளவு மாத்தணுமான்னு கேளுங்க. கிட்னி, இதயம் சரியில்லாம தண்ணி அளவா குடிக்க சொல்லி இருக்கிறவங்க ஓஆர்எஸ்ஸை கேக்காம குடிக்காதீங்க. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுல இன்சுலினை தண்ணி படாம டப்பாவுல போட்டு, ஈர மணல் போட்ட மண்பானைக்குள்ள நிழல்ல வெச்சா கெடாம இருக்கும். ஆறு மாசத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு தண்ணி கொடுக்காதீங்க, தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்க, அம்மா தண்ணி குடிக்கட்டும்.

கடைசியா ரொம்ப முக்கியமானது, ஹீட் ஸ்ட்ரோக். தலை சுத்தல், வாந்தி, தலைவலி, உடம்பு சில்லுனு வேர்த்துக்கிட்டு ஆனா ஆள் தெளிவா பேசுறாருன்னா நிழல்ல படுக்க வெச்சு காலை தூக்கி வெச்சு ஓஆர்எஸ் கொடுங்க, அரை மணி நேரத்துல தேறலன்னா ஆஸ்பத்திரி. பேச்சு குழறுது, பேர் கேட்டா சொல்லத் தெரியல, எங்க இருக்கோம்னு தெரியல, தள்ளாடுறாரு, ஃபிட்ஸ் வருது, மயங்கிட்டாரு, உடம்பு தொட்டா கொதிக்குது, இதுல எது இருந்தாலும் அது தான் ஹீட் ஸ்ட்ரோக், உயிர் போற விஷயம். வேர்வை நின்னா தான் ஹீட் ஸ்ட்ரோக்னு ஒரு நம்பிக்கை இருக்கு, பாரம் தூக்குறவங்களுக்கு வேர்த்துக்கிட்டு இருக்கும்போதே வரும். நம்ம பக்கம் நடக்குற பெரிய கொடுமை என்னன்னா, ரோட்டோரத்துல ஒருத்தர் உளறிக்கிட்டு விழுந்து கிடந்தா சரக்கு அடிச்சிருக்கான்னு தாண்டி போயிடுறோம். மே மாசம் மதியத்துல அப்படி யார் கிடந்தாலும் கிட்ட போய் தொட்டு பாருங்க. குடிச்சிருந்தாலும் வெயில் அவரை விடாது.

108க்கு ஒருத்தர் போன் பண்ணும்போதே இன்னொருத்தர் குளிர வைக்க ஆரம்பிக்கணும், ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் சும்மா நின்னு பார்க்கக் கூடாது, ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. நிழலுக்கு இழுங்க, சட்டையை கழட்டுங்க, குடம் குடமா தண்ணி ஊத்துங்க, அட்டை எடுத்து ரெண்டு பேர் விசுறுங்க. ஐஸ் கிடைச்சா துணியில சுத்தி கழுத்து, அக்குள், தொடை இடுக்குல வைங்க, இதுக்கு மீன் கடை ஐஸே போதும். மயக்கமா இருக்கிறவர் வாயில சோடா, தண்ணி எதுவும் ஊத்தாதீங்க, மூச்சுக்குழல்ல போயிடும், ஒருக்களிச்சு படுக்க வைங்க. ஃபிட்ஸ் வந்தா கையில சாவி இரும்பு திணிக்கிறதால எந்த பிரயோஜனமும் இல்ல, அடிபடாம பார்த்துக்கிட்டா போதும். பாரசிட்டமால் கொடுக்காதீங்க, இது காய்ச்சல் சூடு இல்ல, மாத்திரைக்கு இறங்காது. ராயபுரம் வண்ணாரப்பேட்டை சுத்தி இருக்கிறவங்களுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி தான் கிட்ட, கொண்டு போகும்போதும் வண்டியில தண்ணி தெளிச்சுக்கிட்டே போங்க. எத்தனை மணி நேரம் வெயில்ல இருந்தாரு, எப்படி விழுந்தாருன்னு டாக்டர்கிட்ட தெளிவா சொல்லி எழுத வைங்க. 2024லயே தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர்னு அறிவிச்சாச்சு, உயிர் போனா குடும்பத்துக்கு 4 லட்சம் நிவாரணம் உண்டு, ஆனா காகிதத்துல காரணம் வெயில்னு இல்லன்னா அந்த குடும்பம் அலைஞ்சு தான் சாகணும். தப்பிச்சு வந்தவரை மறுநாளே வேலைக்கு அனுப்பாதீங்க, டாக்டர் சொல்ற வரைக்கும் வெயில் பக்கமே வேணாம்.

ராத்திரி கரென்ட் போச்சுன்னா ஈபி புகார் மையம் மின்னகம் நம்பர் 94987 94987, தெருவுல நாலு பேரா சேர்ந்து நாலு போன் போடுங்க. தனியா இருக்கிற பெரியவங்க கதவை அப்போ போய் தட்டி பாருங்க, ஃபேன் நின்ன வீட்டுல அவங்க எழுந்து வெளிய வர மாட்டாங்க.

மே 28 வாக்குல கத்திரி முடிஞ்சிடுச்சுன்னு கூரையில கட்டினதை அவசரப்பட்டு பிரிக்காதீங்க. சென்னையில பதிவான உச்சபட்ச வெயில் 45 டிகிரி, 2003 மே 31ஆம் தேதி, கத்திரிக்கு அப்புறம் தான். மேல்காத்து ஜூன் மாசமும் நிக்காது. ராத்திரி மழை நாலு தடவை நல்லா அடிச்சு ஷீட்டு ஆறின பிறகு, ஒரு காலை வேளையில பலகை போட்டு ஏறி பேனரை கழட்டி, கழுவி, மடிச்சு பரண்ல வெச்சா அடுத்த ஏப்ரலுக்கும் ஆகும்.